அடுப்பும் ஊசியும் தெரிஞ்சா போதுமா? கணக்கும் தெரியணும்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



நாங்கள் எந்த ஊர் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும். "மேடம், வீட்டுல இருந்தே செய்யற மாதிரி ஏதாவது தொழில் சொல்லிக் குடுங்க." கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கிறார்கள். முட்டி வலியால் வயல் வேலைக்குப் போக முடியாதவர்கள் கேட்கிறார்கள். இந்த மாதம் ரெண்டு கைத்தொழில் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். ஒன்று, ஓவன் இல்லாமலே வீட்டு அடுப்பில் பிஸ்கட்டும் கேக்கும் செய்வது. இன்னொன்று, கொக்கி ஊசியால் நூல் பின்னுவது. குரோஷா என்று சொல்வோமே, அதுதான்.

ரெண்டுக்கும் பெரிய முதலீடு வேண்டாம். ஆனால் செய்முறையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எங்கள் வேலை பாதிதான் முடிந்ததாக ஆகும். செய்த பொருளுக்கு என்ன விலை வைப்பது, நம்ம உழைப்புக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே பேசப்போகிறோம். முதலில் அடுப்புப் பக்கம் போவோம்.

ஓவன் இல்லாத ஓவன்

பேக்கிங் என்றால் என்னங்க? நாலு பக்கமும் சூடான காற்று சூழ்ந்து மாவு வேகுது, அவ்வளவுதான். அடி கனமான பழைய பாத்திரமும், இறுக்கமாக மூடும் தட்டும் இருந்தால் அந்தச் சூட்டை நாமே உண்டாக்கலாம். குக்கரில் செய்வதென்றால் பழைய குக்கராக இருக்கட்டும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் விசில் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடணும். தண்ணீர் ஊற்றக் கூடாது. வெறும் பாத்திரத்தைச் சூடாக்கினால் அடி பாழாகும், அதனால் தினமும் சமைக்கும் நல்ல குக்கரை இதற்குத் தொடாதீங்க.

பாத்திரத்தின் அடியில் ஒரு அங்குல உயரத்துக்கு கல் உப்பு பரப்புங்க. அதன்மேல் ஒரு கம்பி ஸ்டாண்டு, அல்லது கவிழ்த்து வைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம். மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிஷம் சூடாக்குங்க. இதுதான் நம்ம ஓவன். அந்த உப்பைத் திரும்பத் திரும்ப இதற்கே வைத்துக்கொள்ளலாம், சமையலுக்குப் போடக் கூடாது.

கேழ்வரகு பிஸ்கட்

முதலில் பிஸ்கட்டில் ஆரம்பிப்பது நல்லது. கேக் உள்ளே வேகாமல் போகும், நடுவில் அமுங்கும். பிஸ்கட் அப்படி ஏமாற்றாது.

தேவையானவை: கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பொடித்துச் சலித்த நாட்டுச் சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை.

1. கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து நன்றாக ஆறவிடுங்க. சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகிவிடும்.
2. வெண்ணெயையும் சர்க்கரையையும் கையாலோ மத்தாலோ நுரைக்க நுரைக்கக் குழைக்கவும்.
3. ரெண்டு மாவு, உப்பு, ஏலக்காய் சேர்த்துப் பிசறி, சேர்ந்து வரும் பக்குவத்தில் உருட்டவும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது, பிஸ்கட் கல்லாகிவிடும். உருண்டை பிடிக்க வரவில்லை என்றால் மட்டும் ஒரு ஸ்பூன் பால் தெளிக்கலாம்.
4. எலுமிச்சையை விடச் சின்னதாக 20 உருண்டை வரும். லேசாகத் தட்டி, நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்க.
5. சூடான பாத்திரத்துக்குள் வைத்து மூடி, சின்னத் தீயில் 15 முதல் 20 நிமிஷம். ஒரு தடவைக்குப் பத்துதான் வைக்க முடியும், ஆக ரெண்டு தடவை.

வெளியே எடுத்ததும் தொட்டால் மெத்தென்று இருக்கும். "வேகலை போல" என்று திரும்ப உள்ளே வைத்தால் கருகிவிடும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். முழுக்க ஆறிய பிறகு ஈரமில்லாத டப்பாவில் போடுங்க. சூட்டோடு மூடினால் வேர்த்து நமுத்துப்போகும்.

முட்டை இல்லாத தயிர் கேக்

மைதா ஒன்றரைக் கப், சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் அரைக் கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போடலாம், கேக் கொஞ்சம் கனமாக வரும், ருசி குறையாது.

தயிரில் சர்க்கரையைக் கரையும்வரை கலக்கி, பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டு ஐந்து நிமிஷம் விட்டால் நுரைத்துப் பொங்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து உண்டாகும் அந்தக் காற்றுதான் கேக்கை உப்ப வைக்குது. பிறகு எண்ணெய், எசென்ஸ், கடைசியாகச் சலித்த மாவு. கட்டி இல்லாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்க. எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை ஊற்றி, உடனே உள்ளே வைத்து மூடுங்க. கலந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனால் காற்றெல்லாம் போய்விடும்!

சின்னத் தீயில் 40 முதல் 50 நிமிஷம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது, திறந்தால் நடுவில் அமுங்கும். பிறகு ஈர்க்குச்சியைக் கழுவி நடுவில் குத்திப் பாருங்க. மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தாச்சு. முழுக்க ஆறிய பிறகு கவிழ்த்து எடுங்க. வெளியில் வைத்தால் ரெண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடணும்.

கொக்கி ஊசிப் பின்னல்

பிஸ்கட் வேகும் இருபது நிமிஷத்தில் என்ன செய்வது? அங்கேதான் ரெண்டாவது தொழில் வருது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஊசியை எடுங்க. மாவுக் கையோடு நூலைத் தொட்டால் அந்த நூல் வீண்.

ஆரம்பிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தடிமனான பருத்தி நூலும் மூன்றரை மில்லிமீட்டர் ஊசியும் போதும். வெளிர் நிறத்தில் வாங்குங்க. கறுப்பு, கருநீல நூலில் கண்ணி தெரியாது. பகல் வெளிச்சத்தில் உட்காருங்க. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கழுத்தை நிமிர்த்தி, தூரத்தில் பாருங்க. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இதே பின்னலைத் திசை மாற்றிப் போடலாம், தப்பே இல்லை.

கற்க வேண்டியது மூணே மூணு. இதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், பெயரை விட்டுக் கையசைவைப் பிடித்துக்கொள்ளுங்க.

சங்கிலி: சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்க. நூலை ஊசிமேல் சுற்றி, கண்ணி வழியாக இழுங்க. ஒரு சங்கிலி. இதையே தொடர்ந்து செய்தால் நீளமாக வரும். முதல் நாள் முழுக்க இது மட்டும் போதும். எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் வரும்வரை போட்டுப் பிரியுங்க, போட்டுப் பிரியுங்க.

குட்டைப் பின்னல்: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுங்க, ஊசியில் ரெண்டு வளையம் இருக்கும். நூலைச் சுற்றி ரெண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு.

நெட்டைப் பின்னல்: முதலிலேயே நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் விட்டு இழுங்க, மூணு வளையம் வரும். நூலைச் சுற்றி ரெண்டின் வழியாக இழுங்க, மறுபடி சுற்றி மீதி ரெண்டின் வழியாக இழுங்க.

இந்த மூன்றை வைத்து ரெண்டு பொருள் செய்யலாம்.

சூட்டுப் பிடிதுணி: 25 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து ரெண்டாவது கண்ணியில் ஆரம்பித்து வரிசைக்கு 24 குட்டைப் பின்னல். முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மறுபடி 24. சதுரமாக வரும்வரை தொடருங்க. ஒவ்வொரு வரிசையும் எண்ணுங்க. எண்ணாமல் போட்டால் ஓரக் கண்ணி விட்டுப்போய், சதுரம் முக்கோணமாகிவிடும். இன்னொரு முக்கியமான விஷயம்: பிடிதுணிக்குப் பருத்தி நூல் மட்டும்தான். கடையில் "உல்லன்" என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். சூடு பட்டால் அது உருகிக் கையில் ஒட்டும்.

ஐந்து இதழ் பூ: ஐந்து சங்கிலி போட்டு, முதல் கண்ணியோடு கோத்து வளையமாக்குங்க. மூணு சங்கிலி, வளையத்துக்குள் ரெண்டு நெட்டைப் பின்னல், மறுபடி மூணு சங்கிலி, வளையத்துக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து எல்லாக் கண்ணி வழியாகவும் எடுத்து முடிச்சுப் போல இறுக்குங்க. ஒரு இதழ் ஆச்சு. இதையே இன்னும் நாலு தடவை. நடுவில் ஒரு மணி வைத்துத் தைத்தால் முடி கிளிப்புக்கும், குழந்தை கவுனுக்கும், வாசல் தோரணத்துக்கும் ஆகும்.

நாகர்கோவிலும் நரசாபுரமும்

கணக்குக்குப் போகும் முன்னால் ரெண்டு ஊர்க் கதை சொல்கிறோம். ரெண்டும் நூல் பின்னிய பெண்களின் கதை.

நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது நம்ம கொக்கி ஊசிப் பின்னல் இல்லை, தலையணைமேல் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமையாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய பணத்தைக் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். பின்னிய கூலி அவர்கள் கைக்கே வந்தது, அதனால் அது சாத்தியமாச்சு.

இன்னொரு ஊர் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம். அங்கே பெண்கள் பின்னுவது நம்ம மாதிரி கொக்கி ஊசி லேஸ்தான். மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டு ஆய்வாளர் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? அந்தப் பெண்கள் வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு தினமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். அந்த லேஸ் வெளிநாட்டுக்குப் போனது. ஏற்றுமதி வியாபாரிகள் செழித்தார்கள். பின்னிய பெண்களுக்கோ குறைந்தபட்சக் கூலியில் ஒரு சின்னப் பங்குதான் கிடைத்தது. ஏன்? "அவங்க வீட்டுல சும்மா இருக்கிற பொம்பளைங்க, பொழுதுபோக்காப் பின்றாங்க" என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெண்களுமே தங்களைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

நூல் பின்னத் தெரிந்த கைகள் ரெண்டு ஊரிலும் இருந்தன. ஒரு இடத்தில் காசு உழைத்தவள் கையில் விழுந்தது, இன்னொரு இடத்தில் உழைப்பு கணக்கிலேயே ஏறவில்லை. நம்ம வீட்டில் நடப்பதையும் இதோடு வைத்துப் பாருங்க. "என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டால், நாலு மாடு கறந்து, தையல் தைத்து, குழுக் கணக்கும் எழுதுகிற அக்கா "சும்மா வீட்டுலதாங்க இருக்கேன்" என்றுதான் சொல்கிறார்!

நம்ம உழைப்புக்கு ஒரு வரி எழுதுவோம்

இனி கேழ்வரகு பிஸ்கட் கணக்கு. இது உதாரணம்தான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

வெண்ணெய் 60 ரூபாய், ரெண்டு மாவும் சேர்ந்து 12, நாட்டுச் சர்க்கரை 8, ஏலக்காய் உப்பு 3. ஆக 83. கேஸ் 10, பாக்கெட்டும் லேபிளும் 7. மொத்தம் 100 ரூபாய். பிஸ்கட் 20.

பெரும்பாலான சகோதரிகள் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். "ஒன்னு ஆறு ரூபான்னு வித்தா 120 வரும், 20 ரூபா லாபம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். மாவு வறுத்து உருட்ட அரை மணி, வேக வைக்க 40 நிமிஷம், ஆற வைத்து அடைக்க 20 நிமிஷம். ஒன்றரை மணி நேர வேலைக்கு 20 ரூபாய்! அதே அக்கா களையெடுக்கப் போனால் இந்தக் கூலிக்குச் சம்மதிப்பாரா?

அதனால் ஒரு வரி கூடுதலாக எழுதுங்க: "என் கூலி". நாள் கூலி 400 என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 50 ரூபாய். ஒன்றரை மணிக்கு 75. உடைந்தது, கருகியது என்று 15 சேருங்க. 100-ம் 75-ம் 15-ம் சேர்ந்து 190. இருபதால் வகுத்தால் ஒரு பிஸ்கட் 9 ரூபாய் 50 பைசா. பத்து ரூபாய்க்குக் குறைந்து விற்றால் நம்ம கூலியை நாமே வெட்டுகிறோம் என்று அர்த்தம்.

"பத்து ரூபாய்க்குக் கடையில ஒரு பாக்கெட்டே தர்றாங்களே மேடம்?" உண்மைதான். பெட்டிக்கடை பாக்கெட்டோடு நாம் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். மைதா வேண்டாம், கேழ்வரகு வேணும் என்று கேட்கிறவர்கள், வளைகாப்பு, காதுகுத்து, பள்ளி விழா ஆர்டர்கள், பூமாலை வளாகம், கல்லூரிச் சந்தை மாதிரியான இடங்கள், இங்கேதான் நம்ம பொருளுக்கு மதிப்பு. முதலில் ஆர்டர், பிறகு அடுப்பு.

பின்னலுக்கும் இதே கணக்குதான். புதிதாகக் கற்றவருக்கு ஒரு பிடிதுணி பின்ன மூணு மணி நேரம் ஆகும். நூல் 30, கூலி 150, ஆக 180 ரூபாய். யார் வாங்குவார்கள்? அதனால் முதல் பத்துப் பிடிதுணி நம்ம வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும், கை பழகுவதற்கு. விற்பனைக்குப் பூ பின்னுங்க. கை பழகியதும் ஒரு பூ 12 நிமிஷத்தில் முடியும். கூலி 10, நூல் 3, கிளிப் 3, ஆக 16. இருபது ரூபாய்க்குக் கொடுத்தால் கூலியும் நிற்கும், கையில் நாலு ரூபாயும் மிஞ்சும். நேரம் குறைவாகப் பிடிக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் சூட்சுமம்.

விற்கும் முன் கவனிக்க வேண்டியவை

உணவுப் பொருளைக் காசுக்கு விற்றால், வீட்டில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யணும். சிறு உற்பத்தியாளருக்குப் பதிவு சுலபம், இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். எங்கள் களப் பணியாளர்கள் கூட இருந்து செய்து தருவார்கள். லேபிளில் பொருளின் பெயர், சேர்த்த பொருட்கள், எடை, விலை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிடணும், பதிவு எண், செய்தவர் முகவரி இருக்கட்டும். சைவத்துக்குப் பச்சைக் குறி போடணும். கேக்கில் முட்டை சேர்த்தால் அது அசைவக் குறியில்தான் வரும், பச்சை போடக் கூடாது. பிஸ்கட்டையோ கேக்கையோ செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீங்க. அச்சு மை உணவில் ஒட்டும், அது உடம்புக்குக் கெடுதல்.

கடன் விஷயம். "பயிற்சி முடிஞ்சுது, சங்கக் கடன் போட்டு ஓவன் வாங்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். மூணு மாதம் பழைய பாத்திரத்திலேயே செய்து விற்றுப் பாருங்க. ஆர்டர் சமாளிக்க முடியாத அளவு வந்தால் அப்போது குழுவில் பேசலாம். விற்பனை இல்லாத ஓவன் அலமாரியில் தூங்கும், கடனுக்கு வட்டி தூங்காது.

இன்னொன்று. "வீட்டிலிருந்தே பின்னிக் குடுங்க, எல்லாத்தையும் நாங்களே வாங்கிக்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்க" என்று ஊருக்குள் வருகிறவர்கள் உண்டு. பணத்தைக் கட்டியதும் ஆள் காணாமல் போவதும், "பின்னல் சரியில்லை" என்று பொருளைத் திருப்புவதும் பல ஊரில் நடந்திருக்கு. யார் வேலை கொண்டுவந்தாலும் நாலு கேள்வி கேளுங்க:

1. ஒரு பொருளுக்கு எவ்வளவு கூலி? எழுதித் தருவீர்களா?
2. நூலும் ஊசியும் யார் செலவு?
3. எது சரி, எது கழிவு என்று யார் முடிவு செய்வது? கழிக்கும் பொருளுக்கு நஷ்டம் யாருக்கு?
4. பணம் எந்தத் தேதியில், யார் கணக்கில் வரும்?

பதில் வாங்கி, ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி விழுது என்று கணக்குப் போட்டு, குழுவில் வைத்துத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு ஒப்புக்கொள்ளுங்க. தனியாகக் கேட்டால் "இஷ்டம்னா செய்யுங்க" என்பார்கள். பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள். குழு என்பது சேமிப்புக்கு மட்டும் இல்லை சகோதரிகளே, இந்தக் கேள்வியைக் கேட்பதற்கும்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது

ஒவ்வொரு குழுவும் ரெண்டு வேலை செய்துகொண்டு வாங்க. ஒன்று, கேழ்வரகு பிஸ்கட்டோ பூவோ, ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டு வாங்க. கருகியதையும் கோணலாக வந்ததையும் கொண்டு வாங்க, ஏன் அப்படி வந்தது என்று சேர்ந்து பார்ப்போம். இரண்டு, அதற்கான கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாங்க. அதில் "என் கூலி" என்ற வரி கட்டாயம் இருக்கணும். எழுதத் தெரியாதவர்கள் மகளையோ மகனையோ எழுதச் சொல்லுங்க. அம்மாவின் ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.